கணுக்காலா... முட்டியா? தஞ்சாவூர் சேற்றில் ஒரு டயர் டூர்!

ஐப்பசி மாசம் தஞ்சாவூர் பக்கம் வர்றீங்களா? பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மஹால் நூலகம் எல்லாம் எங்கேயும் ஓடிப் போயிடாது. ஒரே ஒரு நாள் எங்க ஊர் வயல்வரப்புக்கு வாங்க. ஒரு கண்டிஷன்... ஷூவை ஹாஸ்டலிலேயே கழட்டி வெச்சிட்டு வரணும். ஏன்னா, இந்த சீஸன்ல எங்க ஊர்ல தரைன்னு ஒண்ணு கிடையாது. சேறுதான்!

உங்கள்ல ஆஃப் ரோடு பைத்தியம் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். மழை, பனி, காட்டுப் பாதைன்னு எல்லாத்துக்கும் சேர்த்து தன் டிரக்குக்கு எந்த டயர் போடலாம்னு வெளிநாட்டுக்காரங்க மணிக்கணக்கா விவாதம் பண்ணுவாங்க. நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த வீடியோக்களைப் பார்க்கிற கேஸ்தான். ஆனா, ஒரு சின்ன வித்தியாசம். அவங்க லீவு நாள்ல சேற்றைத் தேடிப் போறாங்க. எங்க ஊர்ல சேறுதான் ஆபீஸ்! டயர் காலை வாரினா அவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. எங்களுக்கு ஒரு போகமே போயிடும்.

சும்மா பில்டப்புக்குச் சொல்லலை பாஸ். போயிருக்கு.

பாய் விரிச்சுப் படுத்த பயிர்

2023 பிப்ரவரி. அப்போ நான் ப்ளஸ் டூ. பப்ளிக் எக்ஸாமுக்குக் கடைசி ரவுண்டு படிப்பு ஓடிக்கிட்டிருந்தது. அம்மாப்பேட்டைக்குத் தெற்கே எங்க ஊர். சித்தப்பாவுக்கு ஒன்பது மா நிலம். மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர். ஸோ, மொத்தம் மூணு ஏக்கர். எல்லாம் சம்பா. கதிர் முத்தி, தலை சாய்ஞ்சு, அறுவடைக்கு நாளும் குறிச்சாச்சு.

டெல்டாவுல இப்போ கதிர் அரிவாளைப் பார்க்கிறதே அபூர்வம். எல்லாம் அறுவடை மிஷின்தான். அதுல ரெண்டு வகை. ஒண்ணு டயர் மிஷின். ரோட்டிலேயே ஓடி வந்து, அப்படியே வயல்ல இறங்கி, மளமளன்னு அறுத்துட்டுப் போயிடும். இன்னொண்ணு பெல்ட் மிஷின். ராணுவ டாங்கிக்கு இருக்குமே, அந்த மாதிரி சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு பக்கமும் பட்டையா ரப்பர் பெல்ட். ரோட்டில ஓட்டினா பெல்ட் தேய்ஞ்சுடும். அதனால லாரியில ஏத்தித்தான் ஊர் ஊராக் கொண்டு போவாங்க. மணிக்கணக்கு வாடகையும் டயர் மிஷினைவிட ஜாஸ்தி.

சித்தப்பா டயர் மிஷினுக்குச் சொல்லி வெச்சிருந்தார். காய்ஞ்ச வயல், கம்மி வாடகை... கணக்கு கரெக்ட்தானே? ஆனா, பிப்ரவரி முதல் வாரத்துல டெல்டா முழுக்க காலம் தப்பி மழை கொட்டிச்சு. நின்ன பயிர் பாய் விரிச்ச மாதிரி படுத்துருச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல பெல்ட் மிஷினைத் தேட, ஒண்ணுகூடக் கையில சிக்கலை.

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டு, 'ஆனது ஆகட்டும்'னு டயர் மிஷினையே இறக்கினாங்க. மேட்டு வயல்ல ஓடிச்சு. பள்ளத்து வயல்ல பாதி தூரம் போனதும் அப்படியே உட்கார்ந்துருச்சு. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் ஒரே இடத்துல சுத்தி, தன் குழியைத் தானே தோண்டிக்கிச்சு. இன்னொரு வண்டி வந்து இரும்புக் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுக்கிறதுக்குள்ள ராத்திரி ஆயிடுச்சு.

பெல்ட் மிஷின் வந்து சேர இன்னும் அஞ்சு நாள். அதுக்குள்ள தண்ணியில கிடந்த கதிர் எல்லாம் முளை விட்டுருச்சு. நெல்மணியில இருந்து பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பார்க்க அழகாத்தான் இருக்கும். விலைக்குத்தான் போகாது. அரசு கொள்முதல் நிலையத்துல நெல்லோட ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும்கிறது வழக்கமான விதி. மழை வருஷங்கள்ல மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்தும். எங்க பள்ளத்து வயல் நெல் எந்தத் தளர்விலும் தேறலை.

மூணு மா விளைச்சல் கோழித் தீவனமாப் போச்சு. அந்த நெல்லை நம்பித்தான் என் காலேஜ் முதல் வருஷ ஃபீஸ்னு வீட்டில பேசி வெச்சிருந்தாங்க. கடைசியில அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. நான் மெக்கானிக்கல் எடுத்ததுக்குக் காரணம் கேட்டா இன்டர்வியூவில என்னென்னமோ சொல்வேன். உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றேன்... ஒரே இடத்துல சுத்தின அந்தச் சக்கரம்தான்.

செம்மண்ணில் ஸ்டார்ட்... களிமண்ணில் கியர்!

கட் பண்ணினா, 2025 அக்டோபர்.

சித்தப்பா போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் டிராக்டர் வாங்கினார். பின் டயர் ரெண்டும் மொட்டை. செப்டம்பர் 22-ல் இருந்து டிராக்டர் டயருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்துல இருந்து 5 சதவிகிதமாக் குறைஞ்சதும் எனக்கு போன் அடிச்சார். "தம்பி, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே... எந்த டயர் போடலாம்னு வந்து சொல்லு. தாளடிக்குச் சேடை ஓட்டணும்."

சேடைன்னா என்னன்னு கேட்கிறீங்களா? நாத்து நடறதுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டி, உழுது, மண்ணைக் கூழாக்குறது. குறுவை அறுத்த கையோட அதே வயல்ல நடற போகம்தான் தாளடி. அது சரியா வடகிழக்குப் பருவமழையில வந்து மாட்டும். எங்க பக்கம் வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர் டு டிசம்பர்லதான் கொட்டும்.

நான் படிக்கிறது வல்லம் பக்கம். என் ரூம்மேட் கோயம்புத்தூர் பையன். பைக் பிரியன். அவன் வண்டிக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் மொத்தை மொத்தையா பட்டன் வெச்ச ஆஃப் ரோடு டயர் மாட்டியிருந்தான். காலேஜ் பார்க்கிங்ல அந்த டயரோட எடுத்த செல்ஃபி மட்டும் ஐம்பது தேறும். 'சேத்துல ஓட்டிக் காட்டுறேன் வா மச்சி'ன்னு அவனும் கிளம்பிட்டான்.

இந்த ரூட்ல ஒரு தடவை நீங்களும் போய்ப் பாருங்க. முப்பது கிலோமீட்டர்ல மூணு பூமி! வல்லம், செம்மண்ணும் செம்புராங்கல்லும். எவ்வளவு மழை பெய்ஞ்சாலும் கொஞ்ச நேரத்துல தண்ணி உள்ளே போயிடும். தஞ்சாவூருக்குள்ள நுழைஞ்சா புது ஆறு. கல்லணைக் கால்வாய்க்கு நாங்க வெச்ச பேரு அது. மேட்டூர் அணை வந்த 1934-ல் பாசனத்துக்கு வந்த கால்வாய்க்கு இன்னும் 'புது' பட்டம் போகலை! அது பாயிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் மணல் கலந்த மண்ணு ஜாஸ்தி. அதைத் தாண்டிக் கிழக்கே திரும்பினீங்கன்னா வெண்ணாறு, வெட்டாறு, வடவாறுன்னு கிளை கிளையா ஆறுகள். ஆயிரக்கணக்கான வருஷமா காவிரி கொண்டுவந்து கொட்டின வண்டல், களி. பழைய டெல்டா. இங்கே தண்ணி கீழே இறங்காது. நெல்லுக்கு அதுதான் வரம். டயருக்கு அதுதான் சாபம்!

பஞ்சர் அண்ணன் கேட்ட கேள்வி

தஞ்சாவூர்ல ஒரு டயர் கடை. சித்தப்பா பஸ்ல வந்து இறங்கினார். கடை வாசல்ல ஆள் உயரத்துக்கு டிராக்டர் டயருங்க சாத்தி வெச்சிருந்தாங்க. நான் உடனே லெக்சரர் ஆயிட்டேன்.

"சித்தப்பா, இதுல 13.6-28-னு போட்டிருக்கு பாருங்க. டயரோட அகலம் 13.6 இன்ச், உள்ளே இருக்கிற ரிம்மோட விட்டம் 28 இன்ச். இந்த ஆர்-1 சாதா உழவு டயர். அந்த ஆர்-2 நெல் வயல் ஸ்பெஷல். அதுல பட்டை ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரம். நம்ம சேத்துக்கு அதுதான் பெஸ்ட். ஆர்-2வே போட்டுடலாம்!"

சித்தப்பா முகத்துல பெருமை. விலை கேட்டோம். ரெண்டு டயரும் டியூபும் சேர்த்து நாற்பதாயிரத்தை நெருங்கிச்சு. பெருமை கொஞ்சம் இறங்கிச்சு.

அப்பத்தான் ஓரமா ஒரு லாரிச் சக்கரத்தை நெம்பிக்கிட்டிருந்த பஞ்சர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அம்பது வயசு இருக்கும். "தம்பி, ஒண்ணு கேட்கவா? உங்க வயல்ல கால் எம்மாம் ஆழம் இறங்கும்? கணுக்காலா, முட்டியா?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "இடத்துக்கு இடம் மாறும்ங்க... மேல கணுக்கால். பள்ளத்து மூலையில முட்டிக்கு மேலயும் போகும்."

"அப்போ அளந்துட்டு வாங்க. டயரு எங்கேயும் ஓடிப் போயிடாது!"

மூணாவது வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு அந்த முதல் கேள்வி தோணலையே! காதுல புகை வராத குறை.

மிதக்கணும்... இல்லை, தரை தட்டணும்!

டீ வாங்கிக் கொடுத்து பஞ்சர் அண்ணனை மடக்கினேன். அவர் அனுபவத்துல சொன்னதையும் என் புத்தகத்துல இருக்கிறதையும் கலந்து உங்களுக்குச் சொல்றேன்.

தார் ரோட்டில டயர் ஓடுறது ரப்பருக்கும் ரோட்டுக்கும் இருக்கிற உராய்வால. சேற்றுல அந்த உராய்வு ஏறக்குறைய பூஜ்யம். அங்கே சக்கரம் பிழைக்க ரெண்டே வழிதான்.

வழி ஒண்ணு, மிதக்கிறது. இதோ கணக்கு. டயர் தரையை அமுக்குற அழுத்தம், தோராயமா அதுக்குள்ள இருக்கிற காத்தோட அழுத்தத்துக்குச் சமம். டிராக்டர் பின் டயர்ல 14 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. இப்போ 3 டன் எடையுள்ள ஒரு பெல்ட் மிஷினை எடுத்துக்குங்க. அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ரெண்டு பெல்ட் தரையைத் தொடுதுன்னா, சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 200 கிராம்! நீங்களும் நானும் ரெண்டு காலையும் ஊனி நின்னாலே ஏறக்குறைய அவ்வளவு வரும். மூணு டன் இரும்பு, ஒரு மனுஷன் மாதிரி மெத்துன்னு நிக்குது. 2023-ல் எங்க வயல்ல பெல்ட் மிஷின் ஏன் ஓடிச்சுன்னு இப்போ புரியுதா?

வழி ரெண்டு, தரை தட்டுறது. வருஷா வருஷம் சேடை ஓட்டின வயல்ல, மேல் சேத்துக்குக் கீழே மண்ணு இறுகி ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கும். எங்க பக்கம் நல்ல வயல்ல ஒரு சாண் ஆழத்துலயே கால்ல தட்டும். டயரோட பட்டை சேற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போய் அந்தத் தளத்தைக் கவ்வினா வண்டி நகரும். ஆர்-2 டயருக்கு உயரமான பட்டை எதுக்குன்னா, அதுக்குத்தான். இன்னும் பிடிப்பு வேணும்னா, டயருக்கு வெளிப்பக்கம் இரும்பில் ஒரு கூண்டுச் சக்கரத்தைச் சேர்த்து மாட்டுவாங்க. கேஜ் வீல். அது சேற்றையும் கலக்கும், வண்டியையும் தாங்கும். ஆனா, அதோட தார் ரோட்டில ஏறினா ரோடு கொத்துப் பரோட்டாதான். அபராதம் நிச்சயம்!

பட்டை உயரமா இருந்தா மட்டும் போதாது. பட்டைக்குப் பட்டை இடைவெளி வேணும். சக்கரம் சுத்தச் சுத்த, நடுவுல மாட்டின சேறு ஓரமா வழிஞ்சு விழணும். வழியலைன்னா சேறு அப்பிக்கிட்டு, நாற்பதாயிரம் ரூபாய் டயர் மொட்டை டயர் ஆயிடும். டிராக்டருக்குப் பின்னாடி நின்னு பாருங்க. பட்டை ரெண்டும் கூரை வீடு மாதிரி மேல பார்த்துக் கூடியிருக்கணும். மாத்தி மாட்டினா சேறு வெளியே போகாம உள்ளே சேரும்.

அந்தப் 'பனி' வேற, இந்தப் பனி வேற!

பக்கத்துல லாரிக்கு டயர் மாத்த வந்திருந்த டிரைவர் அண்ணன் ஒருத்தர் எங்க பேச்சைக் கேட்டுச் சிரிச்சார். ஆப்பிள் சீஸனுக்கு காஷ்மீர் வரைக்கும் போய் வந்தவர். கன்னியாகுமரியில முடியுற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைக்கு இன்னொரு முனை ஸ்ரீநகர்தான். "அங்கே பனி விழுந்தா சக்கரத்துல இரும்புச் சங்கிலி சுத்துவோம் தம்பி. உங்க கேஜ் வீல் மாதிரிதான்."

ஐடியா ஒண்ணுதான். ஆனா, பனிக்குன்னே செய்ற டயரோட ரகசியத்தைக் கேட்டா அசந்துடுவீங்க. அது சேற்று டயருக்கு நேர் எதிர்! சேற்று டயர் சேற்றைத் துப்பணும். பனி டயர் பனியைப் பிடிச்சு வெச்சுக்கணும். பனியோட பனி நல்லா ஒட்டும் இல்லையா... ரெண்டு கையால அமுக்கினா பனி உருண்டை ஆகுதே, அதே கதைதான். அதுக்காகவே அந்த டயர்ல பிளேடால் கீறின மாதிரி நூத்துக்கணக்கான மெல்லிய கோடு போட்டிருப்பாங்க. ரப்பரும் வேற. சாதா டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனா விறைக்க ஆரம்பிச்சுடும். பனி டயர் அப்பவும் மிருதுவா இருக்கும். மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள ஒரு பனித்துளிப் படம் போட்டிருந்தா, அது பனிக்கான பரீட்சையில பாஸான டயர்னு அர்த்தம்.

எங்க ஊர்ல மார்கழியில்கூட குளிர் அந்த அளவுக்கு இறங்காது. பனின்னா வைக்கோல் போர் மேல உட்கார்ந்திருக்கிற ஈரம், அவ்வளவுதான். ஸோ, வெளிநாட்டுக்காரர் புகழ்ற டயரை அப்படியே இங்கே கொண்டுவந்தா வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு டயரும் ஒரு ஊர் மண்ணுக்குப் பிறந்தது!

ஹீரோ டயர் சறுக்கியது

கடையில இருந்து ஊருக்குக் கிளம்பினோம். சித்தப்பா பஸ்ல. நாங்க பைக்ல. தூறல். அம்மாப்பேட்டைக்கு முன்னாடி ஒரு வளைவுல என் ரூம்மேட் சும்மா லேசாத்தான் பிரேக்கைத் தொட்டான். அடுத்த செகண்ட் நாங்க ரெண்டு பேரும் ரோட்டோரப் புல்லுல! ஹெல்மெட் புண்ணியத்துல முழங்கை சிராய்ப்போட தப்பிச்சோம்.

காரணம் அந்த 'செல்ஃபி' டயர்தான். மொத்தைப் பட்டன் டயர்ல ரோட்டைத் தொடுற ரப்பரே கம்மி. பட்டன் முனை மட்டும்தான் தொடும். சேற்றுல ஹீரோ. நனைஞ்ச தார் ரோட்டில ஸீரோ. சேறு ஒட்டின வண்டியைத் தட்டி நிமிர்த்திக்கிட்டே அவன் கேட்டான், "மச்சி, வருஷத்துல நான் எத்தனை நாள் சேத்துல ஓட்டுறேன்?"

அந்தக் கேள்வி எனக்குள்ள பல்பு எரிய வெச்சது. சித்தப்பா டிராக்டர் வருஷத்துல எத்தனை நாள் சேற்றுல ஓடுது?

வீட்டுக்குப் போனதும் சிராய்ப்புக்கு மஞ்சள் வெச்சுக்கிட்டே கணக்குப் போட்டோம். எங்க வயலும் வாடகைக்கு ஓட்டுறதுமா சேடை வேலை ரெண்டு போகத்துக்கும் சேர்த்து முப்பது நாள். மீதி நாளெல்லாம் நெல் மூட்டை, எரு, செங்கல்னு டிரெய்லர் கட்டி ரோட்டிலதான். ஆர்-2 டயரை ரோட்டில இழுத்தா உயரமான பட்டை சீக்கிரம் தேயும், வண்டியும் உதறும். கடையில நான் நீட்டி முழக்கின 'பெஸ்ட்' டயர், சித்தப்பா காசை ரோட்டில தேய்ச்சிருக்கும்!

ஒரு கம்பி, 54 புள்ளி

மறுநாள் காலையில பேன்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு வயல்ல இறங்கினோம். வீட்டில கிடந்த ஒரு நீளக் கம்பியில அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கோடுன்னு பெயின்ட் அடிச்சேன். ஒரே ஆள், ஒரே மாதிரி அமுக்கணும். அந்த வேலை ரூம்மேட்டுக்கு. மாவுக்கு ஆறு இடம். ஒன்பது மாவுக்கு 54 புள்ளி. நான் நோட்டுல படம் வரைஞ்சு நம்பர் போட்டேன். வரப்புல நின்னவங்க, "என்னடா, பூமிக்கு ஊசி போடுறீங்களா?"ன்னு ஓட்டித் தள்ளிட்டாங்க.

மத்தியானம் நோட்டைப் பார்த்தப்போ எனக்குப் பேச்சே வரலை. பெரும்பாலான இடத்துல 15-ல் இருந்து 20 சென்டிமீட்டர்ல கம்பி 'டக்'குனு நின்னிருக்கு. பள்ளத்து வயலோட மூலையில மட்டும் நாலு புள்ளி... 40, 45! சித்தப்பா அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். "இது அந்த மிஷின் உட்கார்ந்த இடம்டா."

2023-ல் ஒரே இடத்துல சுத்தின சக்கரம், கீழே இருந்த கெட்டித் தளத்தையே உடைச்சிருக்கு. பயிர் போனது ஒரு வருஷம். மண்ணுக்குப் பட்ட அடி மூணாவது வருஷமும் அப்படியே இருக்கு. மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதே தண்ணி, அதே சேறு.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. டிராக்டர் வயித்துக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 40 சென்டிமீட்டர். சக்கரம் அதுக்கு மேல இறங்கினா வயிறு சேத்துல உட்கார்ந்துடும். பாரம் முழுக்க வயித்துக்குப் போயிடும். அப்புறம் உலகத்துல எந்த டயர் போட்டாலும் வெட்டியாத்தான் சுத்தும். அப்படிச் சிக்கினா சில பேர் பின் சக்கரத்தோட ஒரு மரக்கட்டையைக் கட்டி முன்னாடி எடுக்கப் பார்ப்பாங்க. தயவுசெஞ்சு யாரையும் செய்ய விடாதீங்க. கட்டை சேத்துல மாட்டி சக்கரம் சுத்த முடியாமப் போனா, இன்ஜின் வேகத்துல டிராக்டரோட முன்பக்கம் தூக்கி, அப்படியே பின்னாடி டிரைவர் மேல கவிழும். நிமிஷ நேரம்கூட ஆகாது. மாட்டிக்கிட்டா முறுக்காம நிறுத்திட்டு, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கணும். முடியலைன்னா இன்னொரு வண்டி விட்டு இழுக்கிறதுதான் சரி.

தீர்ப்பு!

அடுத்த வாரம் மறுபடி அதே கடை. இந்தத் தடவை கையில நோட்டு. பஞ்சர் அண்ணன் என் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இது பேச்சு!"ன்னார்.

முடிவு இதுதான். டயர், சாதா ஆர்-1. வருஷம் முழுக்க ரோட்டில உழைக்கும். சேடைக்கு, அதோட அரைக் கேஜ் வீல். பழசா ஒரு ஜோடி வாங்கிக்கிட்டோம். டிரெய்லர்ல போட்டுக்கிட்டுப் போய் வயல் ஓரத்துல மாட்டணும், வேலை முடிஞ்சதும் அங்கேயே கழட்டணும். காய்ஞ்ச உழவுக்கும் பாரம் இழுக்கவும் பின் டயர்ல முக்கால் பங்கு தண்ணி ஏத்துற வழக்கம் உண்டு. கனம் கூடினா பிடிப்பு கூடும். சேற்றுல அதே கனம் எமன். அதனால சேடை முடியுற வரைக்கும் தண்ணி கிடையாது.

பள்ளத்து மூலை? அங்கே நாலு மூங்கில் நட்டு சிவப்புத் துணி கட்டினோம். அதுக்குள்ள டிராக்டர் இறங்காது. அந்தத் துண்டுக்கு மட்டும் ஆள் விட்டு மண்வெட்டியால கொத்தி, பலகை இழுத்துச் சமன் பண்ணிட்டோம். ஆர்-2 வாங்காம மிச்சமானதுல ஒரு பங்கை, அறுவடைக்குப் பெல்ட் மிஷினுக்கு முன்பணமாக் கொடுத்துட்டார் சித்தப்பா. "வெயிலடிச்சா கொஞ்சம் வாடகை நஷ்டம். மழை பெய்ஞ்சா வயலே மிச்சம்!"

சேடை ஓட்டின அன்னிக்கு நானும் போயிருந்தேன். கேஜ் வீல் சேத்தைக் கலக்க, கொக்குங்க கூட்டமா பின்னாலயே நடந்து வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் சிவப்புத் துணிக்கு ஒரு கஜம் முன்னாடி சித்தப்பா வண்டியைத் திருப்பினார். ஒரு தடவைகூட சக்கரம் ஒரே இடத்துல சுத்தலை. அம்மா வரப்புல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. டீத்தூக்கை மட்டும் என்கிட்ட முதல்ல நீட்டினாங்க.

உங்க பைக்குக்கு நாலு டிப்ஸ்!

* டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒண்ணு ஓவல் கட்டத்துக்குள்ள இருக்கும். 2325-னு இருந்தா 2025-ம் வருஷத்தோட 23-வது வாரத்துல செஞ்சது. 'புது டயர்'னு சொல்லி வருஷக்கணக்கா குடோன்ல கிடந்ததைத் தலையில கட்டிடப் போறாங்க, உஷார்!

* டி.டபிள்யூ.ஐ.-னு எழுதின இடத்துக்கு நேரா, பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாத் தேய்ஞ்சுட்டா டயருக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடுங்க.

* மழைக்காலத்துல காத்தைக் குறைச்சா பிடிப்பு கூடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. அது வயலுக்கும் மணலுக்கும்தான். நனைஞ்ச ரோட்டில கம்பெனி சொன்ன அளவுதான் பாதுகாப்பு. பள்ளம் விரிஞ்சு நின்னாத்தான் தண்ணி வெளியே போகும்.

* பட்டன் டயர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி... வருஷத்துல எத்தனை நாள் சேற்றுல ஓட்டப் போறீங்க?

என் ரூம்மேட் அவன் டயரை மாத்திட்டான். கழட்டின பட்டன் டயர் ரெண்டும் இப்போ ஹாஸ்டல் மொட்டை மாடியில, துணி காயப் போடுற கொடிக்குக் கீழே கிடக்கு. செல்ஃபி எடுக்கணும்னா வாங்க, ஃப்ரீ!

எங்க ஊர்ல இப்போ யாராவது சித்தப்பாகிட்ட வந்து, "எந்த டயர்ங்க நல்லது?"ன்னு கேட்டா, அவர் கம்பெனி பேரே சொல்றதில்லை. பெயின்ட் அடிச்ச அந்தக் கம்பியை எடுத்துக் கையில கொடுக்கிறார். "முதல்ல செருப்பைக் கழட்டிட்டு வயல்ல இறங்குங்க!"